சிவப்புக்கு இடது புள்ளி, பச்சைக்கு வலது புள்ளி

என் வீட்டு மாடி அறையில் யாரும் எதையும் தட்டக் கூடாது. இது நான் போட்ட சட்டம். கேபிள்காரர், வெள்ளையடிக்க வந்தவர், அம்மா, யாராக இருந்தாலும் ஒன்றுதான். அங்கே இருக்கிற பழைய கம்ப்யூட்டரின் திரை மங்கினாலும் ஆடினாலும் குறுக்கே கோடு விழுந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஒன்று வைத்தால் படம் வந்துவிடும் என்பது நம்மூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வரும்தான். உள்ளே எங்கோ பற்றவைத்த இடம் விட்டிருக்கும். அடித்த அதிர்ச்சியில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் பலமாக அடிக்க வேண்டியிருக்கும். இப்படியே அடித்து அடித்து எத்தனையோ நல்ல பெட்டிகளைக் கொன்றிருக்கிறோம்.

இந்த வித்தையில் அப்பாதான் கெட்டிக்காரர். நெல்லித்தோப்பில் எங்கள் தெரு முழுக்கக் கலர் டிவி வந்த பிறகும் எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைதான். படம் உருண்டால், சோற்றுத் தட்டை மடியில் வைத்தபடியே எட்டி அதன் மண்டையில் ஒன்று வைப்பார். "ரெண்டு தட்டு தட்டினா எல்லாம் வழிக்கு வரும்" என்பார். அதே வைத்தியம்தான் எனக்கும் தங்கைக்கும் அம்மாவுக்கும். மார்க் குறைந்தால் நான், குறுக்கே பேசினால் தங்கை, ரசத்தில் உப்பு குறைந்தால் அம்மா. அம்மாவின் கண்ணாடி வளையல் துண்டு என் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அடித்து முடித்ததும் வீடு சத்தமில்லாமல் கிடக்கும். எல்லாரும் வழிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் சாப்பாட்டைத் தொடர்வார்.

பிறகு அம்மா எங்கள் கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவாள். தடவிக்கொண்டே, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பாள். அந்தக் கை யாரையும் அணைத்து நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சொல்லிவிடுவேன், எனக்கு ஒளித்து வைக்க என்ன இருக்கிறது?

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறவன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு நிதானம் வேண்டும் என்பார்கள். எனக்கு அது பாதிதான் வாய்த்தது. ஸ்கூட்டரை உரசிவிட்டு முறைத்த ஒருவனை நெல்லித்தோப்பு மார்க்கெட் வாசலில் முட்டைக்கோஸ் கூடைமேல் தள்ளியிருக்கிறேன். காலரைப் பிடித்தால் பித்தான் மிஞ்சாது. கல்யாணம் தள்ளிப் போய்ப் போய் நின்றே போனது. பெண் கொடுக்க வந்தவர்கள் தெருவில் விசாரித்திருப்பார்கள். எவளோ ஒருத்தி தப்பித்தாள் என்று அம்மாவே ஒருநாள் சொன்னாள், என் முகத்துக்கு நேராக.

அந்தக் கை அடங்கிக் கிடக்கும் இடம் மாடி அறை ஒன்றுதான். பழைய மானிட்டரின் பின்மூடியைக் கழற்றினால் கண்ணாடிக் குழலின் தோளில் ரப்பர் தொப்பி போட்ட தடித்த ஒயர் ஒன்று இருக்கும். அணைத்து நெடுநேரம் ஆன பிறகும் அதற்குள் கரண்டின் அடி மிச்சமிருக்கும். ஒருமுறை மறந்துபோய் விரலை வைத்தேன். சுவரில் போய் மோதினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம். வலது கை தோள்வரை மரத்துப்போனது. எழுந்து உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்தபோது முதன்முறையாக ஒன்றின்மேல் எனக்கு மரியாதை வந்தது. அன்றைக்குப் போட்டதுதான் சட்டம்.

அந்தக் கம்ப்யூட்டர் கடற்கரைப் பக்கத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற நம்மூர்க்காரர் ஒருவர் வீட்டிலிருந்து வந்தது. பிள்ளைகள் பிரான்சில், இவரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். இன்வெர்ட்டரைக் கழற்றப் போன என்னிடம் பரண்மேல் கிடந்ததையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "முசியே, இது ஓடுமா?" என்று கேட்டேன். "ஓடலேன்னா ரெண்டு தட்டு தட்டுப்பா" என்றார். அவர்கூட.

ஹார்ட் டிஸ்க் கிடையாது. இரண்டு பிளாப்பி, பனங்கற்கண்டு நிறத்தில் எழுத்து காட்டுகிற ஒற்றை நிற மானிட்டர், பிரெஞ்சுக் கீபோர்டு. அந்தக் கீபோர்டு தனிக்கதை. நம் கீபோர்டில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஏ-வை அழுத்தினால் க்யூ விழும். பிளாப்பியோடு வந்த ஆட்டத்தில் ஏ என்றால் இடது பக்கம் திரும்பு, க்யூ என்றால் ஆட்டத்தை முடி. திரும்பலாம் என்று அழுத்தினால் வெளியே தள்ளிவிடும். அந்தக் கீபோர்டை நான் எத்தனை முறை சுவரில் எறியப் பார்த்தேன் என்பது எனக்கும் அதற்கும்தான் தெரியும்.

அந்த ஆட்டம் கலர் ஆட்டம். கலர் கார்டு இருக்கிறதா என்று முதலில் கேட்கும். இல்லையென்றால் ஒற்றை வரியில் கையை விரித்துவிட்டுப் போய்விடும். அதற்கென்று ஒரு குட்டி புரோகிராம் உண்டு. அதை முதலில் ஏற்றி உட்காரவைத்துவிட்டால், ஆட்டம் வந்து கேட்கும்போது அது கூசாமல், இருக்கிறது, எல்லாக் கலரும் இருக்கிறது என்று பொய் சொல்லும். ஆட்டமும் நம்பிக்கொண்டு ஓடும். திரையில் நிறம் வராது, புள்ளிதான் வரும்.

அந்தக் காலத்துக் கலர் என்றால் ஒரு நேரத்தில் நான்குதான். இந்த ஆட்டத்துக்குக் கறுப்பு, பச்சை, சிவப்பு, மஞ்சள். ஒவ்வொரு நிறத்துக்கும் என் திரையில் இரண்டு புள்ளி இடம். கறுப்புக்கு இரண்டும் எரியாது. மஞ்சளுக்கு இரண்டும் எரியும். சிவப்புக்கு இடது புள்ளி மட்டும், பச்சைக்கு வலது புள்ளி மட்டும். ஆகவே சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு ஒரே அரைவெளிச்சம். ஆனால் பச்சை முடிந்து சிவப்பு தொடங்கும் ஓரத்தில் எரிகிற புள்ளிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு பளிச்சென்று ஒரு கோடு விழும். சிவப்பு முடிந்து பச்சை தொடங்கினால் அதே இடத்தில் இருட்டுக் கோடு. வருஷக்கணக்கில் மூக்கு உரசப் பார்த்துப் பார்த்து ஓரத்தை வைத்தே நிறத்தைச் சொல்லப் பழகிக்கொண்டேன். இந்தப் பழக்கத்தால் நாலு காசு வராது என்று அம்மா சொன்னாள். உண்மைதான்.

தங்கையை வடக்கே, பிள்ளைச்சாவடி தாண்டிப் புது மனைப்பிரிவில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மெல்லப் பேசுவார். யாரையும் வாங்க போங்க என்பார். என்னைப் போலச் சந்தைக்கடையில் சண்டை போடுகிற ஆள் இல்லை என்று அம்மாவுக்கு அவர்மேல் தனி மதிப்பு. பொங்கலுக்கு இருவரும் வந்திருந்தபோது அவர் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மாடிக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆட்டம் இவ்வளவுதான். இரண்டு கார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஒன்று நம்முடையது. இன்னொன்று நம்மை மோதி நொறுக்க வரும்.

"இதுல நான் எது?" என்றாள்.

"பழகாத கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"அப்ப எப்படி ஆடறது?"

"ஏதாவது ஒரு பக்கம் அசைஞ்சு பாரு. எது அசையுதோ அதான் நீ."

அவள் ஏ-வை அழுத்தினாள். ஆட்டம் வெளியே தள்ளியது. நான் கீபோர்டின் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டிருந்தாள், அன்றைக்கு வெயில் கொளுத்தியது. மறுபடி ஆடினாள். தன் காரால், தன்னை மோத வந்ததை மோதி, அது நொறுங்கிய பிறகும் போய் மோதிக்கொண்டே இருந்தாள். கீழிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது, மெதுவாகத்தான், பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை. பாதி ஆட்டத்தில் எழுந்து ஓடினாள்.

அதற்கப்புறம் அவள் அனுப்பிய போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளையாக வர ஆரம்பித்தன. கோயிலில், மொட்டை மாடியில், கேட்டுக்குப் பக்கத்தில் செம்பருத்தியோடு. வீடியோவில் பேசினாலும் கறுப்பு வெள்ளை. "இதான்மா இப்ப ஸ்டைலு" என்றாளாம். அம்மா பூரித்துப்போனாள். பழைய சினிமாக் கதாநாயகி மாதிரி இருக்கிறாள் என்று தெருவில் எல்லாருக்கும் காட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா போனை என் தட்டுக்கு மேலே நீட்டினாள். தங்கை கேட்டருகில் நிற்கிறாள். வெயில் அவளுடைய வலது பக்கத்திலிருந்து வருகிறது. மூக்கின் நிழல், காதுத் தொங்கட்டானின் நிழல், எல்லாம் இடது பக்கம் விழுந்திருக்கிறது. ஆனால் வலது தாடைக்குக் கீழே, வெயில் நேராக அடிக்கிற இடத்தில், வரிசையாகச் சில கறைகள்.

வெயில் படுகிற பக்கத்தில் நிழல் விழாது. நான் போனைக் கையில் வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினேன். நிழலுக்கு ஓரம் ஒரு மாதிரி இருக்கும், வேறு நிறத்துக்கு ஓரம் வேறு மாதிரி இருக்கும். அதைத்தான் மாடியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்தேன். அந்தக் கறைகள் நிறம். நிறமில்லாத படத்தில் ஒளிந்துகொண்டிருக்கிற நிறம். வரிசையாக, இடைவெளி விட்டு, ஒரு கையின் விரல்கள்.

"இட்லிய முடிச்சுட்டுப் போடா" என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. என்ன பார்த்தேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

காலாப்பட்டு ரோட்டில் ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் தெரியாது. வலது பக்கம் கடல் இருந்திருக்கும். பிள்ளைச்சாவடியில் மீன்கூடையோடு ரோட்டைக் கடந்த ஒரு அம்மாள் என்னை ஏழு தலைமுறைக்குத் திட்டினாள், அது மட்டும் நினைவிருக்கிறது.

மாப்பிள்ளை பனியனோடு வந்து கதவைத் திறந்தார். "வாங்க மச்சான், என்னா இந்த நேரத்துல? காபி சாப்புடறீங்களா?" என்றார். நான் அவரைத் தாண்டிப் போய்ச் சமையலறையிலிருந்த தங்கையைக் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தேன். அவள் கையை உதறினாள். தாடையைத் திருப்பிப் பார்த்தேன். புதிதாய் ஒன்று சிவப்பு. அதற்குப் பக்கத்தில் ரத்தம் கட்டிக் கறுத்தது ஒன்று. பழையவை பச்சையாகி மஞ்சளாகிக்கொண்டிருந்தன. கறுப்பு, பச்சை, சிவப்பு, மஞ்சள். அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த நான்கு நிறமும் என் தங்கையின் கழுத்தில் இருந்தன.

"என்னா மாப்ள இது?"

"ஒண்ணும் இல்ல மச்சான். பேச்சுக்குப் பேச்சு பேசினா. ரெண்டு தட்டு தட்டினேன், அவ்ளோதான்."

அதே வார்த்தை. அப்பா செத்து எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று, அவருடைய வார்த்தை இந்த ஆளின் வாயில் உட்கார்ந்திருந்தது. என் கையிலிருந்த ஹெல்மெட் தானாகப் போய் அவருடைய மூக்கில் இறங்கியது. தேங்காய் உடைகிற மாதிரிச் சத்தம் கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

மெல்லப் பேசுகிற ஆள் அடிப்பதில் என்னைவிடத் தேர்ந்தவர். குனிந்து என் வயிற்றில் முட்டி ஷோகேஸ்மேல் தள்ளினார். கண்ணாடி உடைந்து கல்யாணப் பரிசுகள் எல்லாம் எங்கள்மேல் கொட்டின. என் காதைப் பிடித்துத் திருகினார். நான் அவருடைய தோளைக் கடித்தேன். வாயில் பனியனும் ரத்தமும் சேர்ந்து வந்தது. அவர் என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினார். நான் அவர் கழுத்தைப் பிடித்தேன். என் கட்டைவிரல் அவருடைய தொண்டைக்குழியில் இறங்குவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முடிந்துவிடும் என்றும் தெரிந்தது. அழுத்தினேன். கண்ணாடித் துண்டுகளின்மேல் உருண்டோம். யார் மேலே, யார் கீழே என்று எங்களுக்கே குழம்பிப்போனது. இருவரும் ஒரே கெட்ட வார்த்தையைக் கத்திக்கொண்டிருந்தோம்.

அப்போது ஹெல்மெட் வந்து அவர் நெற்றியில் விழுந்தது. தங்கை அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நல்லா போடு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அடுத்தது என் மண்டையில் விழுந்தது. அப்புறம் அவருக்கு. அப்புறம் எனக்கு. துணி துவைக்கிற மாதிரி ஒழுங்காக, மாறி மாறி, நாங்கள் ஒருவரையொருவர் விடும்வரை அடித்தாள். விட்டோம். ஆளுக்கொரு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தோம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கேஸ் சிலிண்டரையும் மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"சாவியக் குடு" என்றாள் என்னிடம்.

ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து துண்டால் மண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"உனக்காக வந்தவன் நான். என்னை ஏன்டி அடிச்ச?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்த கார் ஆட்டம் மாதிரிதான் அண்ணா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி தெரிஞ்சீங்க. கத்தறதும் ஒரே மாதிரி, கைய ஓங்கறதும் ஒரே மாதிரி. எது என் பக்கம்னு தெரியல. அதான் ரெண்டையும் அடிச்சேன்."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அந்த ரோடு முழுக்க முயன்று பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட இளம் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றேன். பக்கத்தில் நின்ற தங்கை, "அது என்னோட வசனம்" என்றாள். பிறகு டாக்டரிடம், "நான்தான் சார் அடிச்சேன். ஹெல்மெட்டால" என்றாள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவள் கழுத்தைக் கவனித்தார். என் மண்டையில் ஊசி நின்றபடி இருக்க, நர்சைக் கூப்பிட்டு அவளையும் உட்கார வைக்கச் சொன்னார்.

அன்றிரவு அவள் எங்கள் வீட்டு மாடி அறையில் பாய் போட்டுக்கொண்டாள். அம்மாவிடம் சண்டை என்று மட்டும் சொன்னாள். அம்மா கழுத்தைப் பார்க்காமல் பார்த்தாள். சேலையை இழுத்து மூடிக்கொள்ளச் சொன்னாள், தெருவில் போவோர் வருவோர் இருக்கிறார்கள் என்றாள். மாப்பிள்ளையின் மூக்கு எப்படி இருக்கிறது என்று எனக்குக் கேட்காமல் போனில் விசாரித்தாள்.

சில நாள் கழித்து அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும். தட்டு நிறைய ஆப்பிள், வாழைப்பழம், பந்து பந்தாக மல்லிகை. மாப்பிள்ளை நெற்றியில் பிளாஸ்திரி, என் மண்டையில் அதே வெள்ளைப் பிளாஸ்திரி. எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பார்க்கிறவர்களுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்திருக்கும்.

தாய்மாமன் பெரிய மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பானைன்னு இருந்தா கரண்டியில முட்டத்தான் செய்யும். எங்க பையனுக்கும் கொஞ்சம் கோவம் சாஸ்தி. இல்லைன்னு சொல்லல. இந்தத் தம்பியும் வீடு ஏறி வந்து கை வெச்சது தப்பு. ரெண்டுக்கும் ரெண்டு சரியாப் போச்சு. பொண்ண அனுப்பி வைங்க. நாள் நல்லா இருக்கு."

பெண்ணை என்ன செய்யலாம் என்று பேசுகிறோம், பெண் கதவு ஓரமாக நிற்கிறாள். மாப்பிள்ளை அவளை ஏறிட்டுப் பார்த்து, "கெளம்பும்மா, வீடு போட்டது போட்டபடி கெடக்கு" என்றார். குரல் அதே மென்மை. அவள் தோள் ஒடுங்கியதை நான் பார்த்தேன். அம்மா காபி டம்ளர்களை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போயிட்டு வாடி. ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான். உங்கப்பாகிட்ட நான் படாததா? அடிக்கிற கைதான் அணைக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

என் கை எழுந்துவிட்டது. யாரை அடிக்க என்று அதற்கே தெரியாது. மாப்பிள்ளையையா, மாமனையா, பெற்ற தாயையா. தங்கை என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. அந்த ஆட்டத்தில் எது எந்தக் கார் என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். நான் கையைத் தொடைக்குக் கீழே கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் அம்மாவிடம் சொன்னாள். "அணைச்சிட்டாரும்மா."

தாய்மாமனின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா? புருஷன் பொண்டாட்டின்னா அதான். நாம நடுவுல வந்து என்னா பண்ணப்போறோம்" என்று வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தார்.

"முழுசா அணைச்சிட்டாரு" என்றாள் தங்கை. "விளக்க அணைக்கிற மாதிரி. உள்ள இப்ப எதுவும் எரியல."

மாமனின் கை பொட்டலத்தோடு நின்றது. தெருவில் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டே போனது. அம்மா தரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அந்தப் போட்டோவெல்லாம் கலர்ல இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"கலர்ல காட்டு."

போட்டோவின் மேலே போட்ட கறுப்பு வெள்ளையை ஒரு விரல் தொட்டால் எடுத்துவிடலாம். தங்கை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கோயில், மொட்டை மாடி, செம்பருத்தி. தெருவெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட அதே படங்கள். அம்மா ஒன்றையும் விடவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தபோது அவளுடைய இன்னொரு கை தன் தாடைக்குக் கீழே போய், அங்கே எதையோ தேடுகிற மாதிரித் தடவியது. அவளை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை.

எழுந்து பழத்தட்டைத் தூக்கி மாப்பிள்ளையின் மடியில் வைத்தாள். ஒரு ஆப்பிள் உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

"எடுத்துட்டுப் போங்க. அவ இங்கதான் இருப்பா."

"அத்த, நீங்க பெரியவங்க, யோசிச்சுப் பேசுங்க" என்று மாப்பிள்ளை எழுந்தார். குரல் முதன்முறையாகத் தடித்தது. தங்கையைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார், கை பாதி தூக்கியிருந்தது. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. எழாமல் இருந்தது நான் அதுவரை செய்த வேலைகளிலேயே கடினமான வேலை. தங்கை நகரவில்லை. போனைத் திருப்பி அவருடைய முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இந்தப் படமெல்லாம் ஸ்டேஷன்ல குடுக்கத்தான் போறேன். இப்ப இங்க அடிச்சா அதையும் சேத்துக் குடுப்பேன்" என்றாள். தாய்மாமன்தான் அவருடைய தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். தட்டை எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை மாடியில் கார் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒரு சார்ஜரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். அந்த அறைக்குள் அவள் உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்குத் தங்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுல நீ எதுடி?"

"அசைஞ்சு பாத்தாத்தான் தெரியும்மா" என்று தங்கை ஒரு பொத்தானை அழுத்தினாள். இரண்டில் ஒரு கார் வலது பக்கம் நகர்ந்தது.

"ஓ" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது திரை ஒருமுறை உதறிக்கொண்டு, நடுவில் ஒரு கோடாகச் சுருங்கி, இருண்டுபோனது. எனக்குத் தெரிந்த கோளாறுதான், ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டிருந்தேன். நான் எழுவதற்குள் அம்மாவின் கை எழுந்துவிட்டது. அவளை அறியாமல், அத்தனை வருஷப் பழக்கத்தில், பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி வைக்கப் போனது. அப்பா ஓங்குகிற அதே கோணம்.

தங்கை பாதி வழியில் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்திப் பிடிக்கவில்லை. பிடித்த கையை மெல்ல இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தட்டாதம்மா. உள்ள எங்கயோ விட்டுப்போயிருக்கு."

அம்மா அப்போதுதான் அழுதாள்.